திரையிலிருந்து இறங்கிய தண்ணீர்

மூக்கனேந்தலுக்குப் பொம்மலாட்டக்காரர்கள் வந்த முதல் சாயங்காலமே, திரையில் பெய்த மழை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களை நனைத்துவிட்டது. நனைந்தவர்கள் அலறியடித்து ஓடவில்லை. அந்த ஊரில் வானம் பொய்த்து வருஷக்கணக்காகியிருந்தது, கண்மாய் வெடித்து அந்த வெடிப்புக்குள் ஆட்டுக்குட்டி விழுந்தால் கயிறு போட்டுத்தான் தூக்க வேண்டியிருந்தது, ஆம்பளைகள் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைத்தார்கள், பொம்பளைகள் வறண்ட ஆற்றுக்குள் ஆளுயரத்துக்கு மணலைத் தோண்டி ஊற்றில் கசிவதைச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பினார்கள், இப்படிப்பட்டவர்கள் மேல் மழை பட்டால் அது வானத்திலிருந்து வருகிறதா துணியிலிருந்து வருகிறதா என்று யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பொம்மலாட்டக்காரர் பெயர் ஏகோஜி ராவ். அவருடையது நூலைக் கட்டி இழுக்கிற ஆட்டம் மட்டுமல்ல. முன்னால் முழங்கால் உயர மரப்பொம்மைகள் ஆடும், அவற்றின் முதுகுக்குப் பின்னால் பெரிய வெள்ளைத் துணியில் சினிமா மாதிரி படம் ஓடும், ஆறும் தோப்பும் மின்னலும் மழையும் அவர் ஊர் ஊராகப் போய் எடுத்துவந்தவை, பொம்மை நடந்தால் பின்னால் பாதை நகரும், பொம்மை அண்ணாந்தால் பின்னால் மேகம் கூடும், ஓரத்தில் ஆர்மோனியமும் டோலக்கும் கிளாரினெட்டும் உட்கார்ந்து மேகத்துக்குத் தக்கபடி வாசிக்கும். கதை இதுதான். அடைமழையில் கண்மாய்க் கரை உடைகிறது, எத்தனை வண்டி மண் கொட்டியும் உடைப்பு அடைபடவில்லை, செங்கமலம் என்கிற பெண் உடைப்பில் போய்ப் படுத்துக்கொள்கிறாள், ஊரார் அவள் மேல் மண்ணைப் போட்டு அடைக்கிறார்கள், தண்ணீர் நிற்கிறது, ஊர் பிழைக்கிறது. இது எந்த ஊரில் நடந்தது என்று கேட்டால் ராவ், "பக்கத்து ஊர்ல" என்பார், எந்த ஊரில் வைத்துக் கேட்டாலும்.

மூக்கனேந்தல்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சாவு என்று ஒன்று கண்ணில் பட்டால் அழாமல் விடமாட்டார்கள். வழிப்போக்கன் செத்தாலும் அழுவார்கள், ஆகாதவன் செத்தாலும் அழுவார்கள், உயிரோடு இருந்தபோது ஒரு வாய்க் கஞ்சி ஊற்றாதவளும் மாரில் அடித்துக்கொண்டு வந்து நிற்பாள், அழாமல் விட்ட சாவு ஊரையே சுற்றிக்கொண்டிருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே செங்கமலம் உடைப்பில் படுத்து, ராவ் நூலைத் தளர்த்தி, பொம்மையின் கை தொய்ந்து விழுந்ததும், பொம்பளைகள் எழுந்து முந்தானையை இடுப்பில் செருகி, தோளோடு தோள் கட்டி வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். பொம்மைக்கு இப்படி அழுகிற ஊரை ராவ் பார்த்ததில்லை, ஆர்மோனியக்காரர் பயந்து கையை எடுத்துவிட்டார், கிளாரினெட்டுக்காரர் மட்டும் தயங்கித் தயங்கி ஒப்பாரியின் மெட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே போனார், அழுகை ஏற ஏறத் திரையில் மழை தடித்தது, துணியின் கீழ்விளிம்பு முதலில் ஈரமானது, பிறகு சொட்டியது, பிறகு கூரையில் இருந்து ஊற்றுவதுபோல ஊற்றியது.

ராவ் வெளியே வந்து துணியைத் தொட்டுப் பார்த்தார். "எங்கப்பா காலத்துல திரையில காட்டுன தீயில கொட்டகையே வெந்துபோச்சு. இது எவ்வளவோ தேவலை" என்று சொல்லிவிட்டு படம் ஓட்டுகிற மெஷினைத் துடைக்கப் போனார்.

ஊருக்கு வந்த கவலை வேறு. செத்தவர்களைக் குளிப்பாட்டுவதற்காக உறவுக்காரர்கள் மேளத்தோடு போய், தலைக்கு மேல் வேட்டியை விரித்துப் பிடித்துக் குடத்தில் எடுத்து வருவது நீர்மாலை. சாவுக்கென்று வந்த தண்ணீர், அதை யாரும் குடிக்க மாட்டார்கள். இதுவும் ஒரு சாவுக்கு வந்த தண்ணீர்தானே, குடிக்கலாமா? பிடித்து வைத்த குடங்களைச் சுற்றி ஊர் நின்று யோசித்தது. கடைசியில் ஊர்த்தலைவர் சேவுகன் அம்பலம் தொண்டையைச் செருமினார்.

"செத்தது யாரு? பொம்மை. பொம்மைக்கு உசுரு இருந்துச்சா? இல்லை. உசுரே இல்லாதது எப்பிடிச் சாகும்? சாவே இல்லைன்னா நீர்மாலை எங்கிட்டு வந்துச்சு? குடிங்கப்பா" என்றார்.

குடித்தார்கள். கொஞ்சம் துணி வாடை அடித்தது, அவ்வளவுதான், பருப்பு அதில் மல்லிகைப்பூ மாதிரி வெந்தது. மாடுகள் முதலில் மூக்கைத் திருப்பிக்கொண்டன, பிறகு அவையும் குடித்தன. ராவுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீடு ஒதுக்கப்பட்டது, இனி அவர் வேறு ஊருக்குப் போக வேண்டியதில்லை என்று முடிவானது, அதை அவரிடம் யாரும் கேட்கவில்லை. பொழுது சாய்ந்ததும் ஆட்டம், விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் சாவு, சாவு முடிந்ததும் தண்ணீர். கண்மாயில் தண்ணீர் இருந்த காலத்தில் வயலுக்கு எப்படி முறை வைத்துப் பாய்ச்சினார்களோ அதே முறை குடத்துக்கும் வந்தது, முதல் முறை அம்பலத்து வீட்டுக்கு, பிறகு வடக்குத் தெரு, பிறகு கிழக்குத் தெரு என்று. பொம்பளைகள் ஒரு கையால் மாரில் அடித்துக்கொண்டு மறு கையால் குடத்தைத் துணிக்கு நேரே நகர்த்தக் கற்றுக்கொண்டார்கள். கொல்லையில் கொத்தமல்லி முளைத்தது. பெண் கொடுக்க மாட்டோம் என்று சொன்ன ஊர்க்காரர்கள் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஆனால் ஒரே சாவுக்கு எத்தனை நாள் அழ முடியும்? ஒப்பாரி நடக்கும்போதே ரேஷன் கடையில் பாமாயில் வந்துவிட்டதா என்று கேட்டார்கள், ஒருத்தி கொட்டாவி விட்டுக்கொண்டு அழுதாள், திரையில் மழை தூறலாகி, தூறல் ஈரமாகி, ஒரு வாரத்தில் துணி காய்ந்த துணியாகவே இருந்தது. ராவ் படத்தை மாற்றிப் பார்த்தார், புயல் மழை போட்டுப் பார்த்தார், டோலக்கில் இடி இடிக்க வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் அம்பலத்தின் மருமகள் சுந்தரவள்ளி பிறந்த வீட்டில் பிள்ளை பெற்றுக்கொண்டு, ஆண் குழந்தையோடு ஊர் திரும்பி, முதல்முதலாக ஆட்டம் பார்க்க வந்தாள். செங்கமலத்தின் கை தொய்ந்ததும் அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள், ஈரக்குலை நடுங்க அழுதாள், அவள் உட்கார்ந்திருந்த பக்கத்துத் துணியிலிருந்து மட்டும் தண்ணீர் கொட்டியது. ஊருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அழுகை நிஜமாக இருக்க வேண்டும்.

பிறகென்ன, வெளியூர்க்காரர்களை விருந்துக்குக் கூப்பிட்டார்கள், கோழி அடித்துச் சோறு போட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள், அவர்கள் ஒரு தரம் அழுதார்கள், மறுநாள் அவர்களும் குடத்தோடு வந்து நின்றார்கள். சுந்தரவள்ளிக்கும் மூன்றாவது முறை கண்ணீர் வரவில்லை. அப்போதுதான் அம்பலத்துக்கு முத்திருளாயியின் ஞாபகம் வந்தது.

முத்திருளாயி கரிமூட்டக்காரன் பூமிநாதனின் பெண்டாட்டி. ஆட்டக்காரர்கள் ஊருக்கு வருவதற்கு முந்தின பங்குனியில் அவள் மகள் தவமணி ஆற்றுக்குள் ஊற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தபோது மணல் சரிந்து மூடிவிட்டது. வெளியே எடுக்கும்போது பிள்ளை கையில் சிரட்டை இருந்தது. குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை, வெறுங்குடத்தை வேட்டியின் நிழலில் சுமந்துவந்து குளிப்பாட்டுவதுபோல் பாவனை செய்து அடக்கம் பண்ணினார்கள். சாவு விழுந்த துட்டி வீட்டுக்காரர்கள் வருஷம் திரும்பும்வரை ஆட்டம் பாட்டுக்குப் போகக் கூடாது என்பதால் முத்திருளாயி பொம்மலாட்டத்தைப் பார்த்ததே இல்லை, பக்கத்து வீட்டுக்காரிகள் ஊற்றிவிட்டுப் போகிற தண்ணீரில் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தாள்.

அம்பலம் பூமிநாதனைக் கூப்பிட்டுப் பேசினார். பூமிநாதன் யார் சத்தமாகப் பேசினாலும் சரி என்று சொல்லிப் பழகியவன். தவமணியின் பச்சைப் பாவாடையைச் சட்டைக்குள் மறைத்து எடுத்துவந்தான், தையல்காரர் அதை வெட்டிப் பொம்மைக்கு அளவாகத் தைத்தார்.

"வேண்டாங்க" என்றார் ராவ். "ஒரு ஆளோட துணியைப் பொம்மைக்குப் போட்டா, அப்புறம் அது பொம்மையா இருக்காது."

"இருக்க வேணாம்" என்றார் அம்பலம்.

துட்டிக் கட்டுப்பாட்டை ஊர்கூடித் தளர்த்தி, தாம்பாளத்தில் வெற்றிலை வைத்து அழைத்து, முத்திருளாயியை முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பெண் பொம்மை கரை ஏறி வந்தது. பாவாடையின் ஓரத்தில், பிள்ளை வளர வளரப் பிரித்து இறக்கித் தைத்த தன் கைத்தையலை முத்திருளாயி பார்த்தாள். வெட்டும்போது தையல்காரர் அந்த ஓரத்தை மட்டும் விட்டுவைத்திருந்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. திரையில் கரை உடைந்தது, பொம்மை உடைப்புக்குள் படுத்தது, ஊரார் பொம்மைகள் மண்ணைக் கொட்டின.

"தவமணி!" என்று முத்திருளாயி கத்தினாள். "ஏறி வாடி! சிரட்டையைப் போட்டுட்டு ஏறி வாடி!"

அன்றைக்கு வந்தது மாதிரி தண்ணீர் அதற்கு முன் வந்ததில்லை. துணி கிழிந்துவிடுமோ என்று ராவ் மூங்கிலைப் பிடித்துக்கொண்டார், நாற்காலிகள் மிதந்தன, ஆர்மோனியத்தைத் தலையில் தூக்கிக்கொண்டார்கள், நிரம்பாத குடம் ஊரில் இல்லை, மிச்சம் ஓடிப்போய்க் கண்மாயில் விழுந்து வெடிப்புகளை மூடியது. ஊர் ஆனந்தக் கூத்தாடியது. அதன் நடுவில் முத்திருளாயி முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தாள், சுந்தரவள்ளி ஒருத்திதான் போய் அவளைத் தூக்கினாள்.

அதற்குப் பிறகு மூக்கனேந்தல் முத்திருளாயியின் துக்கத்தை நாற்றங்கால் மாதிரிப் பார்த்துக்கொண்டது. அவள் வேலைக்குப் போகக் கூடாது, அலுப்பில் அழுகை குறைந்துவிடும். அவள் வீட்டு வாசலில் பிள்ளைகள் விளையாடக் கூடாது, சத்தம் கேட்டு மனசு மாறிவிடும். முறை போட்டுச் சோறு போனது, மீன் போனது, கறி போனது, சாப்பாட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை ஊர். கோயில் ரேடியோவை அவள் தெருப் பக்கம் திருப்பக் கூடாது என்று உத்தரவு. சிவகங்கையிலிருந்து அவளைக் கூட்டிப்போக வந்த அக்காளைப் பஸ் ஸ்டாப்பிலேயே மடக்கி, காப்பித்தண்ணி வாங்கிக் கொடுத்து, முத்திருளாயி இப்போது நன்றாக இருக்கிறாள், வந்து கிளறாதே என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். பூமிநாதனுக்குக் குடவரிசையை ஒழுங்கு செய்கிற பொறுப்பு கிடைத்தது, கையில் ஒரு குச்சி வைத்துக்கொண்டான், அவனை எல்லோரும் வாங்க போங்க என்றார்கள், ஒரு மனுஷனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? ஒரு நாள் ஆட்டத்தில் கோமாளிப் பொம்மை வேட்டி அவிழ விழுந்தபோது முத்திருளாயியின் உதடு லேசாகக் கோணியது, சிரிப்பாக இருக்குமோ என்று ஊர் பதறிப்போய் மறுநாளே கோமாளியைப் பெட்டியில் போட்டுப் பூட்டியது.

சுந்தரவள்ளி மட்டும் மத்தியானம் ஊர் அடங்கியிருக்கிற நேரத்தில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்பக்கமாக வருவாள். முத்திருளாயியின் தலையில் எண்ணெய் வைத்துவிடுவாள்.

"எம்மகளை ஒரு தடவை சாகக் குடுத்தேன்" என்றாள் முத்திருளாயி ஒரு நாள். "இப்பத் தெனமும் குடுக்கிறேன்."

"நாளைக்கு மேலுக்குச் சொகமில்லைன்னு படுத்துக்கங்க மதினி. ஒரு நாள் தண்ணி இல்லாட்டி ஊரு செத்துப்போகாது."

முத்திருளாயி அப்படியே படுத்துக்கொண்டாள். யாரும் அவளை வையவில்லை. சாயங்காலம் ஊரே காலிக் குடங்களோடு அவள் வாசலில் வந்து உட்கார்ந்தது, முன்னால் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தார்கள், பிள்ளைகள் உதட்டை நக்கிக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தன. விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் எழுந்து முகம் கழுவாமலே ஆட்டக் கொட்டகைக்கு நடந்தாள். யோசனை சொன்னது தன் மருமகள்தான் என்று தெரிந்ததும் அம்பலம் அவளை வீட்டுக்குள் வைத்து வைத வசவு தெருக்கோடி வரை கேட்டது, அதோடு அவள் வருவதும் நின்றது.

கண்மாய் பாதி நிறைந்திருந்த மாசி மாசத்தில் முத்திருளாயி வயிறு தெரிய ஆரம்பித்தது. வேறு ஊராக இருந்தால் குலவை போட்டிருப்பார்கள். இங்கே அம்பலத்து வீட்டில் கூட்டம் போட்டார்கள். பெற்றுவிட்டுப் போகட்டும், மூத்தவளை மறக்கவா போகிறாள் என்றார்கள் சிலர். மறந்துவிடுவாள் என்று மற்றவர்கள் வாயால் சொல்லவில்லை, ஆனால் வீட்டில் இருக்கிற அண்டாவை எல்லாம் நிரப்பி வைத்துக்கொண்டார்கள்.

பெண் பிள்ளை பிறந்தது. முத்திருளாயி தீட்டுக் கழிந்து நாற்காலிக்கு வந்தபோது பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வந்தாள். பச்சைப் பாவாடைப் பொம்மை கரை ஏறியது, கிளாரினெட் இழுத்தது, பொம்மை உடைப்பில் படுத்தது, அந்த நேரம் பார்த்துப் பிள்ளைக்கு விக்கல் எடுத்தது. அவள் குனிந்து பிள்ளையின் உச்சியில் ஊதினாள். மண் கொட்டி முடித்துவிட்டார்கள், அவள் இன்னும் ஊதிக்கொண்டிருந்தாள். திரை நனையவில்லை. மறுநாளும் நனையவில்லை. அவள் தவமணியை மறக்கவில்லை, மறப்பாளா, ஆனால் அந்தப் பொம்மை அவளுக்குப் பொம்மையாகிவிட்டது. துக்கம் போகவில்லை, தூங்க இடம் பார்த்துக்கொண்டது. ஒரு தாய்க்கு அதுகூடக் கிடைக்கக் கூடாதா என்று கேட்க அந்த ஊரில் ஆளில்லை.

புரட்டாசி வெயிலில் கண்மாய் இறங்கியது. அண்டாக்கள் காலியாயின. புதிதாகக் கட்டிக்கொண்டு வந்த மருமகள்கள் பிறந்த வீட்டுக்குப் போகிறோம் என்று பெட்டியை எடுத்தார்கள். அப்புறம் ஒரு காலையில் அம்பலமும் ஊர்ப் பெரியவர்களும் முத்திருளாயி வீட்டுக்கு வந்தார்கள். ராவும் கூட வந்திருந்தார், தலையைத் தொங்கப் போட்டிருந்தார், அவர் கையில் துண்டு போர்த்திய சின்ன உருப்படி ஒன்று இருந்தது. துண்டை விலக்கினார்கள். கைக்குழந்தை அளவில் ஒரு பொம்மை. நெற்றி, மூக்கு, மேல் உதட்டின் பள்ளம், எல்லாம் தூளியில் தூங்குகிற பிள்ளையைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கியது.

"ஒண்ணும் கேக்கலை ஆத்தா" என்றார் அம்பலம். "பிள்ளை போட்டுக் கழிச்ச துணி ஒண்ணு குடு. போதும். பொம்மைதானே. உம்பிள்ளை உன் மடியிலதான் இருக்கப் போகுது."

முத்திருளாயி கூட்டத்தைப் பார்த்தாள். குச்சியோடு பூமிநாதன் அந்தப் பக்கம் நின்றான்.

"நீங்களும் அங்கிட்டா நிக்கிறீக?" என்று கேட்டாள்.

"ஊருக்காக" என்றான் அவன். "நம்ம பிள்ளைக்கும் தண்ணி வேணும்ல?"

அவள் பொம்மையைக் கையில் வாங்கிக்கொண்டாள். குழந்தையைப் பிடிப்பதுபோலத் தலைக்குக் கீழே கை கொடுத்துத்தான் வாங்கினாள், அது அவள் செய்ததல்ல, கை செய்தது. அந்தக் கையை அவளே பார்த்தாள். ஒரு துணியைக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும், இன்றைக்கு அழுவாள், நாளைக்கு அழுவாள், தினமும் விளக்கு வைத்ததும் இந்தப் பிள்ளையைச் சாகக் கொடுத்துக் கொடுத்து ஒரு நாள் மடியில் இருக்கிற பிள்ளையைத் தொடவே பயமாகிவிடும். பொம்மையை ராவிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"துணி தாரேன் மாமா" என்றாள். "ஆனா என் முறை வரட்டும்."

"என்ன முறை?"

"இத்தனை நாளு ஒரு மடையிலேயே ஊரு பாய்ச்சிருச்சு. இனிமே முறை வச்சுக்குவோம். பிள்ளை இருக்கிற வீடெல்லாம் ஆளுக்கு ஒரு துணி குடுக்கட்டும், ராவய்யா ஆளுக்கு ஒரு முகம் செதுக்கட்டும். கிழக்குத் தெருவுல கடைசி வீடு என்னுது. என் முறை வரும்போது நானே கொண்டாந்து தாரேன்."

அவரவர் வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று ஒவ்வொரு முகத்திலும் ஓடியது.

"மொத முறை யாரு வீட்டுக்குன்னு நான் சொல்ல வேணாம்" என்றாள் முத்திருளாயி. "உங்க பாட்டன் பூட்டன் காலத்துலேருந்து அது உங்க வீட்டு உரிமைதானே மாமா. விட்டுக் குடுத்துருவீகளா?"

அம்பலத்தின் மீசை துடித்தது. அவர் நினைத்திருந்தால் முறையாவது மண்ணாவது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் முதல் முறை என்கிற மரியாதை போய்விடும், போனால் நாளைக்கு வயலில் தண்ணீர் வந்தாலும் வடக்குத் தெருக்காரன் முதலில் வெட்டிவிடுவான், அதற்குப் பிறகு அவர் ஊருக்கு அம்பலம் இல்லை. பின்னால் நின்றவர்கள் எல்லோரும் அவருடைய வாயையே பார்த்தார்கள், அவர்களுக்கு வேண்டியது தண்ணீர், யார் வீட்டுப் பிள்ளை என்பதில் அவர்களுக்குப் பிடிவாதம் இல்லை, தங்கள் வீட்டுப் பிள்ளையாக இல்லாதவரை.

"எம்பேரன் சட்டை சாயங்காலம் வரும்" என்று சொல்லிவிட்டு அவர் துண்டை உதறிக்கொண்டு நடந்தார். சுந்தரவள்ளியைக் கேட்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, கூட வந்தவர்களுக்கும் தோன்றவில்லை. முத்திருளாயிக்கு மட்டும் தோன்றியது. அவள் வாசல்வரை போய், கூப்பிட வாயெடுத்து, தூளியில் பிள்ளை சிணுங்கியதும் உள்ளே திரும்பிவிட்டாள்.

பகல் முழுக்க ராவ் வீட்டில் உளிச் சத்தம் கேட்டது. சாயங்காலம் பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர்கள் எல்லோரும் குடத்தோடு வந்தார்கள், ஆனால் பிள்ளைகளை வீட்டில் விட்டுப் பூட்டிவிட்டு வந்தார்கள். நாற்காலியில் சுந்தரவள்ளி உட்கார்ந்திருந்தாள், கைக்கு ஒருத்தியாக இரண்டு பேர் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். அவள் காலடியில் அவள் மகன் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தான், நடக்கப் பழகிவிட்டான் இப்போது, உயிரோடு கண்ணெதிரே இருக்கிற பிள்ளைக்காக ஒருத்தி அழுவாளா, தண்ணீர் வருமா என்று கூட்டம் கிசுகிசுத்தது. முத்திருளாயிக்குச் சந்தேகம் இல்லை. அவள் கடைசி வரிசையில், தரையில், மற்றவர்களோடு மற்றவளாக உட்கார்ந்திருந்தாள்.

கிளாரினெட் ஆரம்பித்தது. நீலக் கட்டம் போட்ட சட்டையில் சின்னப் பொம்மை தத்தித் தத்திக் கரை ஏறியது. பிள்ளை தன் சட்டையைப் பார்த்துக் கையைத் தட்டிச் சிரித்தான்.

"அம்மா, நானு!" என்றான்.

சுந்தரவள்ளி அவனைத் தூக்கப் பார்த்தாள், பிடித்திருந்தவர்கள் கையை விடவில்லை. திரையில் கரை உடைந்தது, பொம்மை விழுந்தது, மண் விழுந்தது. தலை மூடும்வரை அவள் சத்தமே போடவில்லை. அதற்குப் பிறகு அவள் போட்ட சத்தத்தில் டோலக்குக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். செத்த பிள்ளைக்கு அழுகிற அழுகைக்கு ஒரு முடிவு உண்டு, இனிமேல் சாகக்கூடிய பிள்ளைக்கு அழுகிற அழுகைக்கு முடிவே கிடையாது, அதை அந்த ஊர் அன்றைக்குத்தான் கேட்டது, கேட்டுவிட்டு, துணி கறுத்துத் தண்ணீர் இறங்கியதும், எழுந்து வரிசையில் நின்றது. தண்ணீர் விடியும்வரை வருவதுபோல வந்தது.

பூமிநாதன் குச்சியால் தெருவாரியாகப் பிரித்துவிட்டான். இத்தனை நாள் முத்திருளாயி வீட்டுக்குத் தண்ணீரை யாராவது கொண்டுவந்து ஊற்றுவார்கள், இன்றைக்கு ஊற்ற ஆளில்லை, குழந்தையைக் குளிப்பாட்டி மூன்று நாளாகிறது, பாலும் வற்றிக்கொண்டிருந்தது. முத்திருளாயி இடுப்பில் குழந்தையும் கையில் குடமுமாகக் கிழக்குத் தெரு வரிசையின் கடைசியில் போய் நின்றாள். வரிசை நாற்காலியைத் தாண்டித்தான் போக வேண்டும். பிள்ளையைக் கட்டிக்கொண்டு நனைந்துபோய் உட்கார்ந்திருந்த சுந்தரவள்ளி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"மதினி" என்றாள்.

முன்னால் நின்றவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். முத்திருளாயி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, தன் குடத்தைத் துணிக்குக் கீழே வைத்தாள்.